வாரின் உட்பக்கம்

அந்தத் தோல் வாரின் மேற்பக்கத்தை மட்டும் கறுப்பாக்கியிருந்தால் போதும். உட்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? அன்றைக்கு நானும் இப்படித்தான் சொன்னேன், சொன்னதில் நிற்கவில்லை. அதற்குப் பிறகு அதை யோசிக்காத நாள் இல்லை.

நெல்லியடிச் சந்தியிலிருந்து கரவெட்டிப் பக்கம் போகிற வழியில் ஒரு குறுகலான ஒழுங்கைக்குள் எனக்குச் சின்னதாக ஒரு கடை இருந்தது. செருப்பு, இடுப்புப் பட்டி, கைப்பை, இவைதான் வேலை. யாரும் சொல்லித் தரவில்லை. பழைய பைகளை வாங்கி, ஒவ்வொரு தையலாக அவிழ்த்துப் பார்த்துப் படித்துக்கொண்டேன். சொந்தக்காரர்களுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. "படிக்க விட்டால் தோலோடை மல்லுக்கட்டுறான்" என்று ஒரு பெரியப்பா கோயில் வீதியில் நின்று சொன்னார். அடுத்த மாதம் அவரே ஆளில்லாத நேரம் பார்த்து வந்து செருப்புக்கு அளவு கொடுத்தார். காலை நீட்டியபோது முகத்தை மட்டும் தெருப்பக்கம் திருப்பிவைத்துக்கொண்டார், கால் வேறு யாருடையதோ என்பது போல.

இந்த வேலையில் ஆளைக் கொல்லுகிறது சாயம் பூசுவதுதான். துணியால் பூசினால் தையல் நூலுக்குள் ஏறிவிடும். தூரிகையால் பூசினால் விளிம்பைத் தாண்டி வழியும். அந்தக் கவலையைத் தீர்த்துவைத்தவன் என் கூட்டாளி. சவூதியில் ஒரு களஞ்சியத்தில் பெட்டிகளுக்கு இலக்கம் எழுதிக்கொண்டிருந்தவன், திரும்பி வந்தபோது ஆறு மார்க்கர் பேனைகள் கொண்டுவந்தான். எழுதி முடிந்ததும் எறிகிற வகை இல்லை. அலுமினியக் குழாய். தலையைத் திருகிக் கழற்றி உள்ளே மை விட்டால் திரும்பவும் எழுதும்.

"இந்தா, பிடி. எனக்கு இனிப் பெட்டியும் இல்லை, இலக்கமும் இல்லை" என்று மேசையில் உருட்டிவிட்டான்.

நான் மையைக் கழுவி எடுத்துவிட்டு, கண்ணுக்கு மருந்து விடுகிற குழாயால் தோல் சாயத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்தேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், பட்டியின் விளிம்பில் வைத்து இழுத்தால் கோடு நூல் பிடித்தது போல் போனது. முனை தேய்ந்தபோது கரும்பலகை துடைக்கிற டஸ்டரின் கம்பளியைச் சீவிச் செருகினேன். ஒரு பேனைக்கு ஒரு நிறம்தான். பைகளில் பூ வரைகிற வெள்ளைப் பெயின்ற் அடியில் தங்கும் என்பதால், அந்தப் பேனைக்குள் சைக்கிள் சில்லுக்குள் உருளுகிற இரும்புக் குண்டு ஒன்றைப் போட்டுவைத்தேன். ஆட்டினால் கடகடவென்று கலங்கும். ஊரில் என் கடைக்கே அந்தச் சத்தம் பெயராகிவிட்டது. "கடகடப் பேனைக்காரரட்டைக் குடுத்தனான்" என்று சனம் சொல்லும்.

எண்பத்தைந்து, எண்பத்தாறாம் ஆண்டளவில் கொழும்பிலிருந்து தோல் சாயம் வருவது நின்றுபோனது. லொறி வந்தால் சாயம் வராது, சாயம் இருக்கிறதென்றால் லொறி வராது. பழுப்பு நிறம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கறுப்பு முழுதாக முடிந்துவிட்டது. அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. எங்கள் பெண்கள் பனையோலைப் பெட்டி இழைக்க ஓலைக்கு நிறம் போடுவார்களே, சந்தையில் பொட்டலமாக விற்கிற அந்தத் தூள் சாயம். அவர்கள் அதை உப்புப் போட்டு அவிப்பார்கள். நான் அவிக்கவில்லை. பெற்றோல்மக்ஸ் விளக்குக் கொளுத்த ஊற்றுகிற ஸ்பிரிட்டில் கரைத்துப் பேனைக்குள் விட்டேன். அடியில் தங்கியது, அதற்கும் ஒரு குண்டைப் போட்டேன். கோடு மையைப் போல ஓடியது. மேலே அரக்கு வார்னிஷ் பூசினால் தண்ணீர் ஊற்றினாலும் போகவில்லை. எனக்கு வந்த சந்தோஷத்துக்கும் புளுகத்துக்கும் அளவே இல்லை.

அந்த நேரத்தில்தான் மச்சான் வந்தான். என் மனைவியின் தம்பி. புத்தூரில் தகப்பனோடு வெங்காயத் தோட்டமும் புகையிலைத் தோட்டமும் செய்துகொண்டிருந்தவன், வயது இருபத்துமூன்று. வெளிநாட்டு வேலைக்கு ஒரு ஏஜென்சியில் பதிந்து, கடவுச்சீட்டோடு நேரே வரச்சொல்லிக் கொழும்பிலிருந்து கடிதம் வந்திருந்தது. இளம் பெடியன் வீட்டிலிருந்தால் ஆமிக்கும் இயக்கத்துப் பெடியளுக்கும் என்று இரண்டு பக்கத்துக்கும் பயப்பட வேண்டிய காலம். அவன் போய்ச் சேர்ந்தால் போதுமென்று வீட்டில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தோம்.

போகிற வழிதான் வில்லங்கம். கடல்நீரேரியைத் தாண்டுகிற இடத்தில் ஆமி மறிக்கும். இளம் ஆட்களை இறக்கி, மேலே போட்டிருக்கிற சேட்டைக் கழற்றச் சொல்லி, முழங்கையையும் முழங்காலையும் பார்ப்பார்கள், ஊர்ந்து பயிற்சி எடுத்த தழும்பு இருக்கிறதா என்று. தோளைப் பார்ப்பார்கள், சுடுகிற துவக்கின் வார் பிடித்த அடையாளம் இருக்கிறதா என்று. தோட்டம் செய்கிற பிள்ளைகளின் முழங்கால் வேறு எப்படி இருக்கும்? என் மனைவி பத்து நாளாகத் தம்பியை இருத்தி வைத்து, முழங்கைக்கும் முழங்காலுக்கும் தேங்காயெண்ணெய் பூசித் தேய்த்தாள்.

"அக்கா, என்னைப் பொரிக்கப்போறியோ?" என்று அவன் கேட்பான்.

"வாயை மூடிக்கொண்டு காலை நீட்டு. கல்லு மாதிரிக் கிடக்கு."

நான் என் பங்குக்கு அவனுக்கு ஒரு பை செய்தேன். கடவுச்சீட்டும் சான்றிதழ்களும் வைக்கத் தட்டையாக, சேட்டுக்கு உள்ளே வெறும் உடம்பில் தோளுக்குக் குறுக்காகப் போடுகிற மாதிரி. கடகடப் பேனையால் கறுப்பாக்கி, விளிம்பு இழுத்து, வார்னிஷும் பூசிவிட்டேன். தோலுக்கு இரண்டு பக்கம். மயிர் இருந்த பக்கம் வழுவழுப்பு. சதையோடு ஒட்டியிருந்த பக்கம் பஞ்சு மாதிரி, எதைக் கொடுத்தாலும் குடிக்கும். அந்தப் பக்கத்தை நான் தொடவில்லை.

மச்சான் வாரைத் திருப்பிப் பார்த்தான். "உதென்ன அத்தான், உள்பக்கம் வெள்ளாட்டு வயிறு மாதிரிக் கிடக்கு?"

"உள்பக்கம் உன்ரை உடம்போடைதானே கிடக்கப்போகுது. ஆர் பாக்கிறது?"

"கொழும்பிலை கழட்டி மேசையிலை வைக்கேக்கை ஏஜென்சிக்காரன் பாப்பான். நெல்லியடியிலை அரைச் சாயம்தான் அடிக்கிறவங்கள் போலை எண்டு நினைப்பான்."

"நீ ஏன் அவரைக் கிண்டுறாய்?" என்றாள் மனைவி குசினிக்குள் இருந்து. "பேந்து விடிய விடியப் பூசிக்கொண்டு இருப்பார்."

விடிய விடிய எல்லாம் இல்லை, அரை மணித்தியாலம் போதுமாக இருந்தது. பேனையை ஆட்டி, வாரின் உட்பக்கத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கறுப்பாக்கினேன். வார்னிஷ் மட்டும் பூசவில்லை. உட்பக்கத்துக்குப் பூசினால் தோல் விறைத்து உடம்பை அராவும். பெடியனுக்குத் தோள் நோகக்கூடாதென்று நினைத்தேன்.

கொழும்பு வான் விடியற்காலையில் சந்திக்கு வரும். மச்சான் சூட்கேசைத் தூக்கினான், பையை நான் போட்டுக்கொண்டேன். சாரமும் வெறும் மேலுமாக, என் கைவேலையை என் தோளிலேயே போட்டுக்கொண்டு நடந்தேன். புழுக்கமான விடியல், காற்று இல்லை. வான் வந்ததும் அவன் பையை வாங்கிச் சேட்டுக்குள் போட்டுப் பொத்தானைப் பூட்டினான்.

"வாறன் அத்தான். அக்காவை அழ விடாதையுங்கோ."

"அவள் எங்கை அழுறாள். எண்ணெய்ப் போத்தில் முடிஞ்ச கவலையிலை நிக்கிறாள்."

சிரித்தான். வான் கொடிகாமப் பக்கம் திரும்பியது.

வீட்டுக்கு வந்து குளிக்கக் கிணற்றடிக்குப் போனேன். மனைவி துணி தோய்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள் கையை நிறுத்திவிட்டாள்.

"இஞ்சருங்கோ. உதென்ன தோளிலை?"

இடது தோளிலிருந்து நெஞ்சுக்குக் குறுக்காக இரண்டு விரல் அகலத்தில் ஒரு கறுப்புப் பட்டை. தொட்டுப் பார்த்தேன், விரல் கறுத்தது. வாளித் தண்ணீரை ஊற்றினேன், போகவில்லை. சவுக்காரம் போட்டுத் தும்பால் தேய்த்தேன், போகவில்லை. வாரின் தோலில் பிடிக்காத சாயம் உடம்பில் பிடித்துவிட்டது. சந்திக்கு நடந்த அந்தக் கொஞ்ச நேரத்து வியர்வைக்கே இவ்வளவு. வானுக்குள் ஆளோடு ஆள் நெருக்கிக்கொண்டு, சேட்டுக்குள் வெறும் உடம்பில் அதைப் போட்டுக்கொண்டு ஒருவன் போய்க்கொண்டிருக்கிறான்.

அவள் எழும்பி ஓடிப்போய் ஸ்பிரிட் போத்திலை எடுத்துவந்து துணியில் நனைத்துத் தேய்த்தாள். கறுப்பு கரைந்தது, ஆனால் போகவில்லை, பரவியது. தேய்த்த இடம் சிவந்து தடித்தது. இப்போது அது உண்மையாகவே துவக்கு வார் அறுத்த தோள் மாதிரி இருந்தது.

துணியைப் போட்டுவிட்டு அவள் சொன்னாள்: "பேனையைக் கொண்டு போங்கோ. நீங்கள் செய்ததெண்டு நீங்களே காட்டுங்கோ. உங்கடை தோளையும் காட்டுங்கோ."

கூட்டாளியிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. அவன் பல்லுத் தீட்டிக்கொண்டு நின்றான். சேட்டைத் திறந்து தோளைக் காட்டினேன். வாயைக் கூடக் கொப்பளிக்காமல் சைக்கிளை உதைத்தான். கொடிகாமம் வரைக்கும் வேகத்தைக் குறைக்கவே இல்லை. கொடிகாமத்தில் தேத்தண்ணிக் கடையில் விசாரித்தோம். வான் போய்விட்டது. பளை கடந்தோம். பனைகள் குறைந்து, வெளி விரிந்து, உப்புக் காற்று முகத்தில் அடித்தது. தூரத்தில் வாகன வரிசை தெரிந்தது.

"இதுக்கு மேலை சைக்கிள் கொண்டு போனால் எங்களைத்தான் முதல் சுடுவாங்கள்" என்றான் கூட்டாளி. "நீ நடந்து போ. கையை வெளியிலை தெரியத் தொங்கவிடு. ஓடாதை. என்ன நடந்தாலும் ஓடாதை."

வானைக் கண்டுபிடித்தேன், ஆட்கள் இறங்கிவிட்டார்கள். ஆண்கள் வரிசையில் மச்சானுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர். இளம் ஆட்கள் சேட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவன் பொத்தானில் கை வைத்தபடி நின்றான், இன்னும் கழற்றவில்லை.

"அத்தான்? நீங்கள் என்ன இஞ்சை?"

"பொறு. கழட்டாதை."

"ஏன்?"

ஏன் என்று எப்படிச் சொல்வது? அவன் சேட்டின் தோளிலேயே கறுப்புத் தெரிந்தது, உள்ளேயிருந்து ஊறி வெளியே வந்திருந்தது. என் கண் போன இடத்தை அவனும் பார்த்தான். விளங்கிவிட்டது. ஒன்று மட்டும் கேட்டான்.

"அக்காவுக்குத் தெரியுமோ?"

அதற்குள் ஒரு சிப்பாய் எங்களைக் கண்டுவிட்டான். சேட்டைக் கழற்றச் சொல்லிக் கையைக் காட்டினான். சேட்டையும் பையையும் கழற்றியதும் தோளில் பட்டை தெரிந்தது, என்னுடையதைவிட இரண்டு மடங்கு கறுப்பாக. சிப்பாய் விரலால் அழுத்திப் பார்த்தான், விரலை மணந்து பார்த்தான். நான் சேட்டைத் திறந்து என் தோளைக் காட்டினேன். என் சேட்டுப் பைக்குள்ளிருந்து பேனையை எடுத்தேன். அவன் அதைப் பறித்து, காதுக்குப் பக்கத்தில் வைத்து ஒருமுறை ஆட்டினான்.

கடகட.

வெடிகுண்டென்று நினைத்துக் கையை உதறினான். பேனை மணலில் விழுந்தது. எல்லோரும் நிலத்தில் படுத்தோம், யார் படுக்கச் சொன்னது என்று தெரியாது. கன்னத்தில் மணல் சுட்டது. யாரோ ஒரு பெண் சத்தமில்லாமல் தேவாரம் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமென்று சொல்லத் தெரியவில்லை. பிறகு ஒரு அதிகாரி வந்தார். தமிழ் கொஞ்சம் கதைப்பார். ஒரு தடியால் பேனையை உருட்டிப் பார்த்துவிட்டு, என்னை எழும்பித் திறக்கச் சொன்னார்.

திருகித் திறந்தேன். குண்டை எடுத்துக் காட்டினேன். "சைக்கிள் குண்டு, சேர். மை கலக்க." என் உள்ளங்கையில் ஒரு கோடு இழுத்தேன். வாரைத் திருப்பி, எச்சில் தொட்டுத் தேய்த்து, விரலில் கறுப்பு வந்ததைக் காட்டினேன். ஓலைப் பெட்டி, தோல், வியர்வை, எனக்குத் தெரிந்த சிங்களத்தையும் தமிழையும் கலந்து எல்லாவற்றையும் கொட்டினேன். நான் கதைகாரன், ஊரில் யாரும் என் கதைக்கு மடங்காமல் போனதில்லை. அவர் பொறுமையாகக் கேட்டார். தன் கொப்பியில் பேனையால் ஒரு கோடும் போட்டுப் பார்த்தார். எனக்கு உயிர் வந்தது.

பிறகு பேனையால் மச்சானின் தோளைச் சுட்டினார்.

"சாயம். சரி. நீ பூசினது. சரி. சாயத்துக்குக் கீழை என்ன?"

எனக்கு விளங்கவில்லை.

"கீழை அடையாளம் இருக்கு. அதை மறைக்க மேலை சாயம்."

"இல்லை சேர். கீழை ஒண்டும் இல்லை. தோட்டக்காரப் பெடியன்."

"இல்லை எண்டால் நல்லது. சாயம் அழியும்தானே? அழிஞ்ச பிறகு பாக்கிறம். அது வரைக்கும் இவன் இஞ்சை இருக்கட்டும்."

என் தோளை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு முன்மண்டை வழுக்கை, மூக்குக் கண்ணாடி. நான் அவருக்குத் தேவையில்லாத ஆள். கடவுச்சீட்டையும் சான்றிதழ்களையும் எடுத்துக்கொண்டு வெறும் பையை என் கையில் தந்தார். பேனையைத் தன் சட்டைப் பைக்குள் செருகினார். மச்சானை உள்ளே கூட்டிப் போனார்கள். சேட்டை இன்னும் கையில்தான் வைத்திருந்தான். எண்ணெய் பூசிப் பூசி வழுவழுப்பாக்கிய முழங்கைகள் வெயிலில் மினுங்கின.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். மனைவி அழவில்லை. சேட்டைக் கழற்றச் சொன்னாள், என் தோளைப் பார்த்தாள்.

"எத்தினை நாளிலை போகும்?"

"தெரியேல்லை."

அடுத்த நாள் காலையில் நான் குளிக்கப் போனபோது சவுக்காரப் பெட்டி காலியாகக் கிடந்தது.

"சவுக்காரம் எங்கை?"

"ஒளிச்சுப் போட்டன். அவனுக்கு அங்கை சவுக்காரம் குடுப்பினமோ? நீங்கள் தேய்ச்சுக் கழுவினால் கணக்குப் பிழைச்சுப்போம்."

அதன் பிறகு எங்கள் வீட்டில் நாட்காட்டி என் தோள்தான். ஒவ்வொரு விடியலிலும் என்னை முற்றத்து வெளிச்சத்தில் நிறுத்தி வைத்துப் பார்ப்பாள். கூட்டாளி வருவான், அவனும் பார்ப்பான். பெரியப்பாவும் வந்தார். இந்த முறை முகத்தைத் திருப்பவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்ட வந்து பார்த்துவிட்டு, "குறையுது, குறையுது" என்று சொல்லிவிட்டுப் போனார். குறையவில்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஓலைச் சாயத்தின் கறுப்பு ஒரு தனிக் கறுப்பு இல்லை, இரண்டு மூன்று நிறம் சேர்ந்தது. அதை அப்போதுதான் கண்டேன். நாலாம் நாள் அது ஊதாவாகியது. ஆறாம் நாள் ஓரம் பச்சையாகியது. எட்டாம் நாள் மஞ்சள் படர்ந்தது. அடிபட்ட காயம் ஆறும்போது எப்படி நிறம் மாறுமோ, அப்படியே. அன்று காலையில் என் தோளைத் தொட்டுக்கொண்டு அவள் கேட்டாள்.

"அவன்ரை தோளிலையும் இப்பிடித்தானே இருக்கும்? சாயம் எது, அடி எது எண்டு அவங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

நான் சேட்டைப் போட்டுக்கொண்டு கடையைத் திறக்கப் போனேன்.

பத்தாம் நாள் என் தோள் வெறும் தோளாகிவிட்டது. அன்றைக்கே போனோம், அவளும் நானும். வரிசையில் ஒதுங்கி நின்று, பெயர் சொல்லி, வந்த காரணம் சொல்லிக் காத்திருந்தோம். அந்த அதிகாரி இல்லை. கொப்பியைப் புரட்டிய வேறொருவர், அப்படி ஒரு ஆள் இங்கே இல்லை என்றார். திரும்பி வரும்போது அவள் பஸ்ஸில் என் சேட்டின் கழுத்தை விலக்கி மறுபடி பார்த்தாள், ஒருவேளை கொஞ்சம் மிச்சம் இருக்குமோ, இன்னும் நாள் இருக்குமோ என்று.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் அவன் ஒழுங்கையால் நடந்து வந்தான். போட்டிருந்த சேட்டு அவனுடையது இல்லை. பெரிது, கை முழங்கையைத் தாண்டித் தொங்கியது. கழுத்துப் பொத்தான் வரை பூட்டியிருந்தான். கையில் கடவுச்சீட்டும் சான்றிதழ்களும். அக்காவைக் கண்டதும், "பசிக்குது" என்றான். அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அவள் சோறு போட்டாள். இரண்டாம் தரமும் கோப்பை நிறையப் போட்டாள்.

கிணற்றடியில் சேட்டோடு குளித்தான். அன்றைக்கு மட்டுமல்ல, எங்களோடு இருந்த அத்தனை நாளும். நான் ஒருநாள் வாளியில் தண்ணீர் இறைத்துக் கொடுக்கப் போனேன். "நானே பாத்துக்கொள்ளுறன், அத்தான்" என்றான். மெதுவாகத்தான் சொன்னான். நான் வந்துவிட்டேன்.

ஏஜென்சிக்காரன் அவன் இடத்துக்கு வேறொருவனை அனுப்பிவிட்டான். ஏழெட்டு மாதத்துக்குப் பிறகு இன்னொரு கடிதம் வந்தது. இந்த முறை நான் அந்தப் பைக்குப் புது வார் வெட்டினேன். சாயமே இல்லை. மேற்பக்கமும் உட்பக்கமும் தோலின் நிறம்தான். பேனைகளைத் தொடவேயில்லை. வாரை அவனிடம் நீட்டினேன். வாங்கி, உட்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தான். வெள்ளாட்டு வயிறு என்று ஏதும் சொல்வான் என்று ஒரு கணம் காத்திருந்தேன். சொல்லியிருந்தால் எவ்வளவு நல்லாக இருந்திருக்கும்.

"வடிவா இருக்கு அத்தான். நீங்கள் வைச்சிருங்கோ. எனக்குத் தோளிலை ஒண்டும் வேண்டாம்."

கடவுச்சீட்டையும் சான்றிதழ்களையும் ஒரு சொப்பிங் பையில் சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வானில் ஏறினான். யன்னலோரம் இருந்து, அந்தப் பையை மடியில் இரண்டு கையாலும் பிடித்திருந்தான். வான் கொடிகாமப் பக்கம் திரும்பி மறைந்தது. இந்த முறை நாங்கள் இருவரும் சந்திக்கு வந்திருந்தோம். மனைவி அந்தத் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, தான் என்ன செய்கிறேன் என்று தெரியாமலே, கையை நீட்டி என் சேட்டின் கழுத்தை விலக்கி, தோளைப் பார்த்தாள்.